எக்ஸாசர்பேட்: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்ட கேள்விகள்

வெள்ளவத்தையில் வீட்டு முன்னறையில் பின்னேரங்களில் ஆங்கில வகுப்பு எடுக்கிறேன். ஓ.எல். பிள்ளைகள், ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுதுகிறவர்கள், வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிறவர்கள் என்று பலரும் வருவார்கள். அது போக, அக்கம்பக்கத்தில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தால் டயக்னோசிஸ் கார்டைத் தூக்கிக்கொண்டு "இதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டு வருவதும் உண்டு. வகுப்புக்கு வருகிறவர்களும் கார்டோடு வருகிறவர்களும் ஒரே ஆங்கிலச் சொல்லில்தான் தடக்குகிறார்கள்: எக்ஸாசர்பேட் (exacerbate). பல வருடமாக வாயால் சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

மிஸ், எக்ஸாசர்பேட் எண்டா என்ன? சுருக்கமாச் சொல்லுங்கோ.

ஏற்கெனவே மோசமாக இருக்கிற ஒன்றை இன்னும் மோசமாக்குவது.

இதில் 'ஏற்கெனவே' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். பிள்ளைக்குத் தொய்வு, அதாவது அஸ்துமா இருக்கிறது. இரவில் அறையில் நுளம்புத்திரி கொளுத்துகிறீர்கள். புகை பட்டு இழுப்புக் கூடுகிறது. அந்தப் புகை தொய்வை எக்ஸாசர்பேட் பண்ணியது. தொய்வே இல்லாத பிள்ளை அதே புகையில் இருமினால் இந்தச் சொல் பொருந்தாது, ஏனென்றால் அங்கே கூடுவதற்கு முதலில் ஒன்றும் இருக்கவில்லை. இந்தச் சொல்லைக் கண்டால் இரண்டு விஷயத்தைத் தேட வேண்டும்: முதலில் இருந்தது எது, பிறகு வந்து அதைக் கூட்டியது எது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதற்குள்ளேயே இருக்கிறது.

எழுத்தைப் பாத்தா வாய்க்குள்ள வருதில்லை. எப்பிடிச் சொல்றது?

'எக்ஸாம்' என்று எல்லோருக்கும் சொல்ல வரும்தானே? அதில் கடைசி 'ம்'மை விட்டுவிட்டு 'சர்பேட்' சேருங்கள். எக்ஸா-சர்-பேட். அழுத்தம் 'ஸா'வில் விழ வேண்டும். நடுவில் வரும் சி எழுத்தை 'க' என்று வாசித்து 'எக்ஸாகர்பேட்' என்கிறவர்கள் நிறையப் பேர். அது 'ச' ஒலி. பெயர்ச்சொல் எக்ஸாசர்பேஷன்.

அம்மாவின்ர கார்டில 'அக்யூட் எக்ஸாசர்பேஷன்' எண்டு போட்டிருக்கு. புது வருத்தம் ஏதாவது வந்திட்டுதா அக்கா?

இல்லை. இது புது நோயின் பெயரே இல்லை. அந்த வரியை முழுதாக வாசியுங்கள். 'அக்யூட் எக்ஸாசர்பேஷன் ஆஃப்' என்று போட்டு அதற்குப் பிறகு ஒரு பெயர் இருக்கும்: பிரொங்கியல் அஸ்துமா, அல்லது சி.ஓ.பி.டி. என்கிற நாட்பட்ட நுரையீரல் வருத்தம். அதுதான் நோய். முன்னால் இருக்கிற இரண்டு சொல்லும் அந்தப் பழைய வருத்தம் இந்த முறை திடீரென்று கூடியதைச் சொல்கின்றன. நம் பேச்சில் சொன்னால், "இருந்த வருத்தம் திடீரெண்டு கூடிட்டுது."

'அக்யூட்' என்றதும் பயந்துவிடுகிறார்கள். மருத்துவத்தில் அந்தச் சொல் முதலில் சொல்வது வேகத்தை: சட்டென்று தொடங்கியது, குறுகிய காலத்துக்குரியது. அதற்கு எதிர்ச்சொல் 'க்ரொனிக்'. அது காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, நாட்பட்டது என்று அர்த்தம். சாதாரணத் தடிமனும் அக்யூட்தான். அதற்காக எக்ஸாசர்பேஷனைச் சின்ன விஷயம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சு சம்பந்தப்பட்ட வருத்தத்தில் அது உயிரோடு விளையாடுகிற கட்டமாகவும் இருக்கலாம். எவ்வளவு கடுமை என்பதை இந்தச் சொல் சொல்லாது, வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது "என்ன வருத்தம்?" என்பதோடு நிற்காமல் "எதால கூடினது?" என்றும் கேளுங்கள். சளிக்காய்ச்சலா, புகையா, இன்ஹேலரை விட்டுவிட்டதா என்று தெரிந்தால்தான் அடுத்த முறை தவிர்க்கப் பார்க்கலாம்.

இந்தச் சொல் எங்கேயிருந்து வந்தது மிஸ்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

லத்தீனில் 'அசெர்புஸ்' என்று ஒரு சொல். கடுமை, கசப்பு என்றெல்லாம் பொருள். பழுக்காத காயின் சுவைக்கும் அதையே சொன்னார்கள். விளாங்காயை உடைத்துக் கடித்துப் பாருங்கள், பல் கூசி, நாக்கு இழுத்துப் பிடித்து, முகம் சுருங்கும். அதுதான் அசெர்புஸ். அதிலிருந்து 'எக்ஸாசெர்பாரே' என்ற வினை பிறந்தது. கசப்பாக்குவது, ஒருவரைச் சினமூட்டுவது, மோசமாக்குவது என்று பொருள். ஆங்கிலத்துக்குள் முதலில் வந்தது எக்ஸாசர்பேஷன் என்ற பெயர்ச்சொல், வினை பிறகு 17ஆம் நூற்றாண்டில் வந்தது. வைத்தியர்கள் இதைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டார்கள். காய்ச்சல் ஏறுகிற நேரம் எக்ஸாசர்பேஷன், இறங்குகிற நேரம் ரெமிஷன். இன்றைய டயக்னோசிஸ் கார்ட் வரைக்கும் அந்த வழக்கம் தொடர்கிறது.

இன்னும் ஒரு படி பின்னால் போனால் 'ஆசெர்' என்ற லத்தீன் சொல் நிற்கிறது, கூரானது என்று பொருள். அதற்கும் அடியில் இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்குப் பொதுவான 'அக்' என்ற வேர், அதுவும் கூர்மையைக் குறிப்பது. ஆசிட் அந்த வேரில் வந்தது. அக்யூட்டும் அப்படித்தான். அம்மாவின் கார்டில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு சொற்களும் ஒரே வேரின் பிள்ளைகள்.

இந்த வேர் நம் குசினியிலும் இருக்கிறது. அச்சாறுக்கு ஊற்றுகிற வினாகிரி, போர்த்துக்கேயரின் 'வினாக்ரே'யிலிருந்து வந்த சொல். லத்தீனில் 'வினும் ஆக்ரே', கூர்த்துப்போன வைன், அதாவது புளித்த வைன். அந்த ஆக்ரேதான் மேலே சொன்ன ஆசெர். இதைச் சொன்ன நாளிலிருந்து வகுப்பில் யாரும் இந்தச் சொல்லை மறந்ததில்லை.

'எக்ஸ்' எண்டா வெளியே தானே? எக்ஸிட்டில வாற மாதிரி?

எக்ஸிட்டில் அப்படித்தான். இங்கே அதற்கு 'நன்றாக, முழுக்க' என்கிற அழுத்தம் மட்டும்தான். கசப்பை வெளியே எடுப்பது என்று பிரித்துப் பார்த்தால் நேர் எதிரான பொருள் வந்துவிடும்.

அக்ரவேட் எண்டாலும் இதே அர்த்தம் தானே? ஏன் ரெண்டு சொல்லு?

பெரும்பாலான இடங்களில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போடலாம். ஆனால் உள்ளே இருக்கிற படம் வேறு. எக்ஸாசர்பேட்டுக்குள் கசப்பும் கூரும் இருக்கின்றன, அக்ரவேட்டுக்குள் இருப்பது பாரம். லத்தீனில் 'க்ராவிஸ்' என்றால் கனமானது. ஏற்கெனவே சுமக்கிறவன் தலையில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றுவதுதான் அக்ரவேட். கிராவிட்டி அதே குடும்பம். சமஸ்கிருதத்தின் 'குரு' என்ற சொல்லுக்கும் முதற்பொருள் கனமானது என்பதுதான், அதுவும் க்ராவிஸும் ஒரே வேரில் வந்தவை. இலங்கைத் தமிழில் நாமும் கடுமையான விஷயத்தைப் 'பாரதூரமானது' என்கிறோம். அந்தச் சொல்லிலும் பாரம் கேட்கிறது, கவனித்தீர்களா?

பயன்பாட்டில் இரண்டு வித்தியாசம் உண்டு. சட்டத்தில் குற்றத்தின் கடுமையைக் கூட்டும் சூழ்நிலைகளுக்கு அக்ரவேட்டிங் என்றே சொல்வார்கள், அங்கே எக்ஸாசர்பேட் வராது. அடுத்தது, அக்ரவேட்டுக்கு 'எரிச்சலூட்டுவது' என்ற பொருளும் உண்டு. பிழை என்று 19ஆம் நூற்றாண்டிலிருந்து இலக்கணக்காரர் சிலர் சண்டை பிடித்தாலும், 17ஆம் நூற்றாண்டிலிருந்தே அது வழக்கில் இருக்கிறது. பேச்சில் தாராளமாகச் சொல்லுங்கள். அலுவலகக் கடிதத்தில் மட்டும் தவிர்ப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம்.

எக்ஸாஸ்பரேட்?

காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோல் கேட்டாலும் வேறு சொல். 'ஆஸ்பெர்', சொரசொரப்பானது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆளைப் பொறுமையிழக்கச் செய்வது இன்று அதன் பொருள். ஆளை எக்ஸாஸ்பரேட் பண்ணலாம், பிரச்சினையை எக்ஸாசர்பேட் பண்ணலாம். மாற்றி எழுதிவிடாதீர்கள்.

'மை காஃப் எக்ஸாசர்பேட்டட்' எண்டு எழுதினதைச் சிவப்பால வெட்டிட்டீங்க. என்ன பிழை மிஸ்?

பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினையை ஞாபகப்படுத்துங்கள். நோய் முற்றும், இது தன்வினை. நோயை முற்றச் செய்யும், இது பிறவினை. மோசமாகும், மோசமாக்கும் என்பதும் அப்படித்தான். எக்ஸாசர்பேட் 'மோசமாக்கும்' பக்கத்துச் சொல். எதை என்ற கேள்விக்கு வசனத்தில் பதில் இருக்க வேண்டும். இருமல் தானாக எக்ஸாசர்பேட் ஆகாது, தூசி இருமலை எக்ஸாசர்பேட் பண்ணும். தூசியைச் சொல்ல விருப்பமில்லை என்றால் 'வாஸ் எக்ஸாசர்பேட்டட்' என்று செயப்பாட்டுவினையாக எழுதலாம். சும்மா 'காட் வர்ஸ்' என்று எழுதினாலும் முழுச் சரி.

இதற்கு நேர் மறுபக்கம் டிடீரியரேட். அது தானாகக் கெட்டுக்கொண்டு போவது. லத்தீனில் 'டெட்டேரியோர்' என்றாலே 'மேலும் மோசமான' என்று பொருள். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது அதுவும் ஒன்றைக் கெடுப்பதைச் சொல்கிற பிறவினையாகத்தான் இருந்தது, பிறகு மெல்ல மெல்லப் பக்கம் மாறிவிட்டது. கூரைத் தகடு உப்புக்காற்றில் டிடீரியரேட் ஆகும். கடற்கரைப் பக்கம் இருக்கிற நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. சொல்லும்போது நடுவில் ஒரு அசையை விழுங்கி 'டிடீரியேட்' என்றாக்கிவிட வேண்டாம். டி-டீ-ரி-ய-ரேட்.

ஒரு விதிவிலக்கு: மார்பு வருத்த வைத்தியர்கள் தங்களுக்குள் அடிக்கடி வருத்தம் கூடுகிற நோயாளியை 'எக்ஸாசர்பேட்டர்' என்பார்கள். அது அவர்கள் தொழில் பேச்சு. பரீட்சையில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

இம்பெயர் எண்டும் ஒண்டு இருக்கே. அது 'பெயர்' எண்டா சோடிங்கிற சொல்லோட சேர்ந்ததா?

சோடிக்கும் அதற்கும் தொடர்பில்லை. லத்தீனில் 'பேயோர்' என்றால் 'மேலும் மோசமான'. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து இம்பெயர் ஆனது. பிறந்தபோது அதன் பொருள் மோசமாக்குவது என்பதுதான். இன்று பார்வை, கேள்வி, நினைவு மாதிரி ஒரு திறன் குறைந்ததைச் சொல்லத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

நல்ல விஷயம் கூடினாலும் இதைப் போடலாமா?

முடியாது. சந்தோசத்தையோ வருமானத்தையோ எக்ஸாசர்பேட் பண்ண முடியாது. தமிழில் 'கூடினது' என்பது நல்லதற்கும் கெட்டதற்கும் பொது. சம்பளமும் கூடும், வருத்தமும் கூடும். அதனால்தான் நம் பிள்ளைகள் இங்கே வழுக்குகிறார்கள்.

கோவிட்தான் எங்கட பொருளாதாரத்தை விழுத்தினது எண்டு பேப்பரில கிடக்கு எண்டான் தம்பி. நான் பாத்தா எக்ஸாசர்பேட்டட் எண்டுதான் எழுதியிருக்கு. ரெண்டும் ஒண்டா?

ஒன்றில்லை. தம்பி வாசித்தது 'உண்டாக்கியது', பத்திரிகை எழுதியது 'ஏற்கெனவே இருந்ததைக் கூட்டியது'. நெருக்கடி நாட்களை வரிசையில் எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டுக் கடன் பல வருடமாகக் குவிந்திருந்தது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதலோடு உல்லாசப் பயணிகள் வரவு விழுந்தது. அந்த வருடக் கடைசியில் வற் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள், அரசின் வருமானம் குறைந்தது. 2020இல் கோவிட். 2021இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் அதைத் தளர்த்துவதற்குள் விளைச்சல் அடிபட்டுவிட்டது. 2022 பெப்ரவரியில் உக்ரேன் யுத்தம் தொடங்கி எண்ணெய் விலை ஏறியது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. செப்டம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம்.

இந்த வரிசையில் கோவிட் நடுவில் வருகிறது. முன்னால் இருந்ததை அது மிகவும் கடுமையாக்கியது, ஆனால் தொடக்கி வைக்கவில்லை. 'காஸ்ட்' (caused), அதாவது 'உண்டாக்கியது' என்று எழுதினால் முன்னால் நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு மறைந்துவிடும். கேஸ் சிலிண்டருக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற எனக்கு அந்த வித்தியாசம் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஆனால் எக்ஸாசர்பேட் என்ற சொல்லையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். கூட்டியது எது என்று சொல்லிவிட்டு, முதலில் இருந்தது எது, அதை யார் செய்தார்கள் என்பதைச் சொல்லாமலே நகர்ந்துவிட அது இடம் கொடுக்கும். முதல் பதிலில் சொன்ன இரண்டு விஷயத்தையும் செய்தியில் தேடுங்கள். ஒன்றுதான் இருந்தால் பாதிதான் சொல்லியிருக்கிறார்கள்.

செய்தி மொழிபெயர்க்கிற வேலை எனக்கு. தமிழில என்ன போடலாம் அக்கா?

ஒரே சொல் எல்லா இடத்துக்கும் சரிவராது. 'மேலும் மோசமாக்கியது' எங்கும் பிழைக்காது, 'மேலும்' என்பதை மட்டும் விட்டுவிட வேண்டாம், 'ஏற்கெனவே' என்ற பொருளை அதுதான் தாங்குகிறது. 'அதிகரிக்கச் செய்தது' போதாது, நல்லதும் அதிகரிக்கும். 'தீவிரப்படுத்தியது' என்பதும் அப்படித்தான், தேடுதலையும் தேர்தல் பிரசாரத்தையும் தீவிரப்படுத்துகிறார்கள் அல்லவா? நோய்க்கு 'முற்றச் செய்தது', 'கடுமையாக்கியது' நன்றாக ஒட்டும். சண்டை சச்சரவு என்றால் 'எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது' என்று எழுதத் தயங்க வேண்டாம். அதில் நெருப்பு முதலே எரிகிறது, எண்ணெய் பிறகு வருகிறது, இரண்டு விஷயமும் உள்ளே இருக்கின்றன.

முரண்பாட்டுக்கு இலங்கைப் பத்திரிகைகளில் 'கூர்மையடைந்துள்ளது' என்று நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். எனக்குப் பிடித்தது அதுதான். லத்தீன்காரர் கூரிலிருந்து போன இடத்துக்கு நாமும் கூரிலிருந்தே போயிருக்கிறோம், அவர்களைப் பார்த்துச் செய்யவில்லை. 'கூர்மையாக்கியது' என்று பிறவினையாக்கினால் எக்ஸாசர்பேட்டுக்கு அருகிலேயே நிற்கும்.

ஐ.ஈ.எல்.டி.எஸ்.ல இந்தச் சொல்லைப் போட்டா மார்க்ஸ் கூடுமா?

சரியான இடத்தில் ஒரு தடவை போட்டால் நல்லது. மூன்று பந்தியில் மூன்று தடவை போட்டால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும். வெள்ளத்தைப் பற்றிய கட்டுரையில் ஒரு பிள்ளை 'ஹெவி ரெயின் எக்ஸாசர்பேட்டட் த ஃப்ளட்' என்று எழுதியிருந்தது. மழைதான் வெள்ளத்தைக் கொண்டுவந்தது என்று சொல்லத்தான் அந்தப் பிள்ளை நினைத்தது, அதற்கு 'காஸ்ட்' போதும். கொழும்பைச் சுற்றியுள்ள சதுப்பு நிலங்கள் மழைத்தண்ணீரைத் தாங்கி வைத்திருக்கின்றன. 2018இல் ஈரநிலங்களைப் பாதுகாப்பதற்கான சர்வதேச அமைப்பான ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகரித்த முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. அப்படிப்பட்ட நிலத்தை மண் போட்டு நிரப்பினால் அது வெள்ளத்தை எக்ஸாசர்பேட் பண்ணும். சொல்லும் பொருந்துகிறது, கட்டுரையில் ஒரு நல்ல கருத்தும் சேர்கிறது.

சந்தேகமாக இருந்தால் 'வர்சன்' போடுங்கள். தன்வினையாகவும் வரும், பிறவினையாகவும் வரும், இலக்கணத்தில் மாட்டாது. எளிய சொல் என்று குறைவாக நினைக்க வேண்டாம். நூற்றாண்டுக் கணக்கில் பழைய சொல் அது. ஒரு காலத்தில் ஊர்ப்பேச்சில் மட்டும் ஒதுங்கியிருந்து, 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் திரும்ப இலக்கியத்துக்குள் வந்தது.

இன்சூரன்ஸ்காரர் 'எக்ஸாசர்பேஷன்' எண்டு கார்டில இருக்கிறதால வருத்தம் முதலே இருந்தது, காசு தரேலாது எண்டு கடிதம் போட்டிருக்கினம். அந்தச் சொல்லுக்கு அப்பிடி அர்த்தம் இருக்கா பிள்ளை?

பக்கத்து மாடியில் இருக்கிற அன்ரி கேட்டது இது. கணவர் ஆஸ்பத்திரியில் இருந்து வந்து இரண்டு கிழமை. கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன்.

'முதலே இருந்தது' என்பது உண்மைதான், நானே மேலே அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். ஆனால் எதற்கு முதல்? இந்தச் சொல் சொல்வது, வருத்தம் கூடிய அந்த நாளுக்கு முதல் என்பதை மட்டும்தான். ஒரு மாதத்துக்கு முதலா, பத்து வருடத்துக்கு முதலா என்று அது சொல்லாது. காப்புறுதி எடுத்த திகதிக்கு முதலா என்பதை நிச்சயமாகச் சொல்லாது. கடிதம் எழுதியவர் இரண்டு 'முதலே'யை ஒன்றாக்கிவிட்டார்.

அதனால் சொல்லோடு வாதாடுவதை விட்டுவிட்டுத் திகதியைத் தேடச் சொன்னேன். வருத்தத்தை முதன்முதலில் வைத்தியர் எழுதிய நாள் கிளினிக் கொப்பியில் இருக்கும். அன்ரி அலுமாரியிலிருந்து கொப்பியை எடுத்து வந்தா. காப்புறுதிப் பத்திரத்தையும் அதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பத்திரம் முந்தியது, கொப்பியின் முதல் பக்கம் பதினான்கு மாதம் பிந்தியது. இரண்டையும் போட்டோகொப்பி எடுத்து, திகதிகளை வட்டமிட்டு, எக்ஸாசர்பேஷன் என்ற சொல் எந்த நாளுக்கு முந்தியதைக் குறிக்கிறது என்று நாலு வரி எழுதிக் கடிதத்தோடு இணைத்தோம். அன்ரி அதை அடுத்த நாள் காலையில் பதிவுத் தபாலில் போட்டா.